அமுதா சிஸ்டருக்கு இரண்டு மார்க்

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வலது கண்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. குறை சொல்வதற்கென்றே பிறந்தவர். முப்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என் சாம்பாருக்கு அவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு, "இன்னிக்குப் பரவாயில்லை". கோயில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, மிளகு கொஞ்சம் கம்மி என்று சொன்ன புண்ணியவான்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சிமிட்டினார். ஜன்னல் வழியாகத் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்வளவு நரைச்சுடுச்சா?" என்றார்.

தகுந்த பதிலை நான் யோசிப்பதற்குள் நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினாள். எங்கள் சேவை எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் — அந்த மாதிரிச் சீட்டு. மனிதர் பேனாவை வாங்கினார். டாக்டருக்குப் பத்து. நர்ஸுக்குப் பத்து. சுத்தத்துக்குப் பத்து. காபிக்குப் பத்து... காபி வரவே இல்லை, நான்தான் தெருமுனையில் போய் வாங்கி வந்தேன். முதல் நாள் சாயங்காலம் சொட்டு மருந்து போட மறந்துபோன நர்ஸை நான் மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். அவளுக்கும் பத்து. வாட்ச்மேனுக்குச் சீட்டில் கட்டமே கிடையாது. கீழே தனியாக எழுதி, அவருக்கும் பத்து.

கண் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு சந்தோஷத்தில் மனிதர் உலகத்தையே மன்னித்துவிட்டார்.

அன்றைக்கே இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அதன் பலனைத்தான் சொல்லப்போகிறேன்.

அது ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் ராஜசேகர் நான் எழுதுவதைப் படிக்கிறவர். டிஸ்சார்ஜ் அன்று என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், ஒரு வருஷத்துச் சீட்டு மூட்டையா கெடக்குது. கமிட்டி ரிப்போர்ட் கேக்குது. எங்களுக்கு எழுத்து வராது. நீங்க படிச்சுட்டு நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

எழுத்தாளரிடம் 'நீங்கதான் எழுதணும்' என்று சொன்னால் முடியாது என்பாரா? இரண்டு மூட்டை வீட்டுக்கு வந்தது. பத்து நாள் உட்கார்ந்து படித்தேன்.

முதலிடம், சந்தேகமே இல்லாமல், கண் பிரிவு. எல்லாச் சீட்டிலும் ஒன்பது, பத்து. கடைசி இடம் டயாலிசிஸ் பிரிவு. கிட்னி வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மிஷினில் ஓடவிட்டு, சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற இடம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். அங்கே பொறுப்பில் இருப்பவர் அமுதா சிஸ்டர். அவருக்கு விழுந்த மார்க்கைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். இரண்டு. மூன்று. மறுபடி இரண்டு. ஒருவர் மார்க் போட வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு இழுத்திருந்தார். 'எப்ப பாத்தாலும் திட்டறாங்க.' 'தண்ணி கேட்டா கணக்கு கேக்கறாங்க.' எல்லாமே இந்த ரகம்.

நான் சும்மா இருப்பேனா? ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்: 'கருணையும் ஒரு மருந்துதான், டயாலிசிஸ் பிரிவில் அது ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.' எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "பரவாயில்லை" என்றார்.

ரிப்போர்ட் போனது. நான் அதை மறந்தும் போனேன்.

வைகாசியில் ஒருநாள் காலை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் மெதுவாக இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். முகம் லேசாக வீங்கியிருந்தது. இடது கையை உடம்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வசந்தா, வீடு சின்ன காஞ்சிபுரம், வீட்டில் தறி. மொபெட் ஓட்டிவந்த கணவர் உள்ளே வரவில்லை.

"நீங்கதானேமா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு எழுதனது?"

"ஆமாம்... உட்காருங்க."

"உக்காந்தா எழுந்துக்க நேரமாவும்மா. நின்னுக்கினே சொல்லிடறேன். அமுதா சிஸ்டருக்கு இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது. உங்க ரிப்போர்ட்டைக் காட்டி, இனிமே ஆர்டர் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுதியவள் அல்லவா, விட்டுக்கொடுக்க மனசு வருமா?

"நான் இட்டுக்கட்டி எழுதலையேம்மா. நீங்க போட்ட மார்க்கைத்தான் எழுதினேன். எல்லாரும் ரெண்டு, மூணுன்னுதான் போட்டிருந்தீங்க."

"ஆமா. நானும் ரெண்டுதான் போட்டேன். அதுக்காக?"

அதுக்காகவா? அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்துச் சுருண்டிருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து வைத்த கை. அது கெட்டுப்போனால் இன்னொரு கை, அதுவும் போனால்... அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நடுவுல சிஸ்டர் ஒரு வாரம் லீவு போட்டாங்க. வேற ஒருத்தவங்க வந்து மூணு எடத்துல குத்தனாங்க. கை யானைக் கால் மாதிரி வீங்கிடுச்சு. அமுதா சிஸ்டர் மூணு வருஷமா போடறாங்க, ஒரு தடவை தப்புனதில்ல. அவங்க போயிட்டா இந்தக் கை எத்தினி நாளைக்கும்மா?"

"அப்போ ஏம்மா ரெண்டு மார்க் போட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். தறி தெரியாதவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள் போல.

"எங்க ஊட்டுல பாவு வரும்மா. தறியில நீட்டுக்கா ஓடற நூலு. நல்ல பாவு வந்தா கை தானா ஓடும், பட்டுனு சேலை முடிஞ்சிடும். மோசமான பாவு வந்துச்சுன்னா இழை அறுந்துக்கினே இருக்கும். முடிச்சு போட்டு முடிச்சு போட்டு வெரலு தேஞ்சிடும். சேலையும் சுமாராத்தான் வரும். ஆளு அதேதான், தறியும் அதேதான். நீங்க சேலையப் பாத்துட்டு, இவனுக்கு நெய்யத் தெரியலன்னு சொல்லுவீங்களா, இன்னா பாவு குடுத்தாங்கன்னு கேப்பீங்களா?"

அவள் நீட்டிய கையைத் திரும்ப உடம்போடு அணைத்துக்கொண்டாள்.

"கண்ணு வார்டுக்கு வர்றதெல்லாம் நல்ல பாவும்மா. அமுதா சிஸ்டருக்கு வந்தது நாங்க."

நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். பாவு, தறி என்று காதில் விழாத நாள் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் நான் விட்ட பிழையை அதை வைத்து ஒருத்தி எனக்கு விளக்குவாள் என்று நினைத்ததே இல்லை. "வியாழக்கிழமை காலையில எனக்கு டயாலிசிஸ். வந்து பாத்துட்டு அப்பறம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டாள்.

போனேன். போகாமல் இருக்க முடியுமா?

காலை ஏழு மணி. ஆறு கட்டில், ஆறு மிஷின். அமுதா சிஸ்டர் ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் கடுகடுப்பான முகத்தோடு இருந்தார். முதலில் எடை பார்த்தார்கள். இவர்களுக்கு ஏறுகிற எடை எல்லாம் தண்ணீர்தான். சிறுநீர் போகாது, குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கும், மூச்சை அடைக்கும். வசந்தா எடை மிஷினில் ஏறினாள்.

"மூணு கிலோ ஏறியிருக்குது. இன்னா குடிச்சீங்க?"

"வரதர் கருட சேவைம்மா... ரோட்டுல நீர்மோர் குடுத்துக்கினு இருந்தாங்க. ஒரு வாய்..."

"ஒரு வாய்னா எத்தினி டம்ளர்?"

"...நாலு."

"நாலு டம்ளர் மூணு கிலோ ஆவாது. பானகம்?"

வசந்தா தரையைப் பார்த்தாள். "அதுவும்."

பிறகு விழுந்தது பாருங்கள் திட்டு. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பானகம் குடித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். கருட சேவைக்கு முதல் நாளே சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நீர்மோர்ப் பந்தல் பக்கமே போகாதீங்க என்று சொல்லியிருக்கிறார். தன் சொந்தப் போனில். இந்த மாதிரித் திட்டைத்தான் சீட்டில் எழுதியிருந்தார்கள்: 'எப்ப பாத்தாலும் திட்டறாங்க.'

ஊசி போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, வசந்தாவின் கையில் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். தோலுக்கு அடியில் ரத்தம் அதிர்ந்துகொண்டே ஓடியது, மடியில் படுத்த பூனை உறுமுகிற மாதிரி. "இந்த அதிர்வு இருக்கற வரைக்கும் கை நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் சிஸ்டர். சாக்கு தைக்கிற ஊசி அளவுக்கு இரண்டு ஊசிகள். இரண்டும் ஒரே முயற்சியில் உள்ளே போயின. வசந்தா பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒரே அரட்டைதான். வசந்தா என் சேலை முந்தானையை வலது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பவர்லூம்மா. ஏமாந்துட்டீங்க" என்றாள். இரண்டாவது மணி நேரத்தில் பேச்சு நின்றது. மூன்றாவது மணி நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அறையின் அந்தக் கோடியில் இருந்த சிஸ்டர் கவனித்தார். ஓடி வந்தார். பிரஷர் பார்த்தார், இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கிவிட்டார், மிஷினில் எதையோ குறைத்தார், சலைன் திறந்தார். அதற்குள் வசந்தாவின் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

அவள் கத்தியதை நான் எழுத முடியாது. அமுதா சிஸ்டரைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைகளையும் பத்திரிகையில் போடமாட்டார்கள். பாவி என்றாள், கொலைகாரி என்றாள், சிஸ்டரைப் பெற்றவர்களையும் விடவில்லை. சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து அழுத்திப் பிடித்து உருவிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வசவுக்கும், "உம்... சொல்லுங்க... உம்... இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று மட்டும் பதில் சொன்னார். அரை மணி நேரம். கண் ஒரு தடவைகூட மிஷினிலிருந்து விலகவில்லை.

பதினொரு மணிக்கு முடிந்தது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினார். பிறகு... விதிமுறை அப்படி... அந்தச் சீட்டை நீட்டினார்.

வசந்தாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் நிற்பதே அவளுக்குத் தெரிந்ததா என்று சந்தேகம். பேனாவைப் பிடித்து, அமுதா சிஸ்டர் என்ற இடத்துக்கு நேராகக் கிறுக்கினாள். இரண்டு.

சிஸ்டரின் வேலைக்காக என் வீட்டு வாசலில் வந்து நின்று வாதாடியவள்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் வார்டில் சீட்டை எப்போது கொடுக்கிறார்கள்? கட்டைப் பிரித்ததும். உலகம் பளிச்சென்று தெரிகிற அந்த நிமிஷத்தில். இங்கே எப்போது? தலை சுற்றி, கால் இழுத்து, நாளை மறுநாள் திரும்பவும் இதே கட்டிலுக்கு வர வேண்டுமே என்று நினைக்கிற நிமிஷத்தில். மார்க் போட்டது மனசா? சிஸ்டரின் வேலைக்கா அந்த மார்க்? உடம்பு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட சீட்டு அது. நான் அதை எடுத்து, ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? நாலு வருஷத்துக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொண்டு படுத்தபோது, வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டரை ஊரெல்லாம் திட்டினேன். அவர் கொடுத்த மருந்தில்தான் நாலாம் நாள் எழுந்து நடந்தேன். போய் ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

எல்லோரும் கிளம்பியபின் சிஸ்டர் ஸ்டோர் ரூமில் ஒரு காலி கேன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"சிஸ்டர், அந்த ரிப்போர்ட்டை எழுதினது நான்தான்."

"தெரியும் மேடம். கருணை ஸ்டாக் இல்லன்னு எழுதியிருந்தீங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்ல மேடம்" என்றார். என் வாழ்க்கையில் கேட்ட அத்தனை 'பரவாயில்லை'யிலும் இதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்தச் சீட்டை ஊசி போடறதுக்கு முன்னாடியே குடுத்துடலாமே சிஸ்டர்?"

சிஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப எல்லாரும் பத்து போட்டுடுவாங்க மேடம். ஊசி என் கையில இல்ல இருக்குது?"

"சரி, சீட்டே வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லட்டுமா? இந்தப் பிரிவுக்கு மட்டும்?"

"அதை மட்டும் செய்யாதீங்க மேடம்." சிரிப்பு போய்விட்டது. "இவங்க ஊட்டுல யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் பாரமா இருக்கறோமேன்னு நெனச்சு நெனச்சு, கொழம்புல உப்பு இல்லன்னாகூட வாய் தொறக்க மாட்டாங்க. புருஷன்கிட்ட வலிக்குதுன்னு சொன்னா அவரு அழுதுடுவாரு. இங்க வந்துதான் கத்தறாங்க. என்னைத் திட்டறாங்க. ரெண்டு மார்க் போட்டுட்டுப் போறாங்க. போடட்டும் மேடம். அதுவும் இல்லன்னா எங்க போவாங்க?"

கோயில் ஊரில் இருக்கிறவள் நான். கும்பிடுவதற்கு இங்கே தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. கூட்டத்தில் நின்று, எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்த ஸ்டோர் ரூமில், பினாயில் வாசனைக்கு நடுவே, என் இரண்டு கையும் தானாகக் கூடியது. ஒருத்தியால் இவ்வளவு தூரம் நினைக்க முடியுமா? தன் வேலை போகிற நேரத்தில்கூட, தன்னைத் திட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை போய்விடக் கூடாதே என்று? சிஸ்டர் பதறிப்போய் என் கையைப் பிடித்துப் பிரித்துவிட்டார். "இன்னா மேடம் இது" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நேரே மேனேஜர் ராஜசேகரிடம் போனேன். ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள், நான் எழுதியது தப்பு என்றேன். அவர் நெளிந்தார்.

"மேடம், எனக்குப் புரியுது. கமிட்டிக்குப் புரியணுமே? அவங்களுக்கு நம்பர்தான். ஒரு மாசம் நீட்டிக்கறேன். அதுக்குள்ள மார்க் ஏறுச்சுன்னா சைன் போடச் சொல்லலாம்."

"அப்படின்னா சீட்டுல ஒரே ஒரு வரி சேருங்க. அடுத்த தடவை யார் ஊசி போடணும்?"

"அது எதுக்கு?"

"சேருங்களேன்."

சேர்த்தார். வசந்தாவுக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் போனது. வசந்தா போனில் சத்தியமே செய்தாள்: "நீங்க கவலைப்படாதீங்கம்மா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இந்த மாசம் பூரா பத்துதான்." எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, போன வாரம், ராஜசேகர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் சீட்டுக்கட்டு. அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. "நீங்களே பாருங்க" என்று தள்ளினார்.

முதல் சீட்டு: மூன்று. அடுத்தது: இரண்டு. அடுத்தது: இரண்டு. சொல்லிவைத்தும், சத்தியம் செய்தும், ஒருவர் வேலை போகப்போகிறது என்று தெரிந்தும்... அதே இரண்டு, அதே மூன்று. அத்தனை சீட்டிலும் ஐந்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

"கீழே பாருங்க மேடம்" என்றார் ராஜசேகர்.

நான் சேர்க்கச் சொன்ன வரி. அடுத்த தடவை யார் ஊசி போடணும்? முதல் சீட்டில், 'அமுதா சிஸ்டர்'. அடுத்ததில், 'அமுதா'. ஒருவர் எழுத்துக்கூட ஒழுங்காக வராமல், 'அமுதா சிஸ்டர் மட்டும்'. கோடு இழுக்கிற மனிதர் மார்க் கட்டத்தில் வழக்கம்போலக் கோடு இழுத்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: 'வேற யாராவது வந்தா நான் வீட்டுக்குப் போறேன்.' கட்டு முழுவதும் ஒரே பெயர். கமிட்டித் தலைவர் இதையெல்லாம் படித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாராம்.

வெளியே வந்ததும் வசந்தாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அது சரி வசந்தா, பத்து போடறேன்னு சத்தியம் பண்ணிட்டு, திரும்பவும் ரெண்டா?"

"இன்னாம்மா பண்றது? அந்த நேரத்துல வரதரே எறங்கி வந்து ஊசி போட்டாலும் ரெண்டுதான்."